ரஸ்ட் தளத்தின் முகப்பு மாறியபோது

2018 நவம்பர் இறுதியில் ரஸ்ட் நிரல்மொழியின் அதிகாரபூர்வத் தளம் புதிய தோற்றத்தில் பீட்டாவாக, அதாவது சோதனை வடிவமாக, வெளிவந்தபோது, நான் அந்த மொழியைக் கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. பல ஆண்டுகள் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிப் பழகியவனுக்கு, ஒரு மதிப்பை வேறொரு ஃபங்ஷனிடம் ஒப்படைத்துவிட்டால் அதன்பின் அதைத் தொட உனக்கு உரிமையில்லை என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே வழிமறித்தது புதிய அனுபவமாக இருந்தது. அந்த விதியைப் புரிந்துகொள்ள நான் பாடநூலைவிட அதிகமாக நாடிய இடம் தளத்தின் முகப்புதான். அங்கே வலப்பக்கத்தில் ஒரு சிறு நிரல் இருந்தது. பல மொழிகளில் வணக்கம் சொல்லும் சொற்களை ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அச்சிடும் நிரல் அது. இதைத் திருத்தலாம், ஓட்டிப் பார்க்கலாம் என்ற செய்தியையும் அந்த நிரலே வெவ்வேறு மொழிகளில் அச்சிடும். மதிய உணவு இடைவேளையில் அந்தப் பெட்டிக்குள் இருந்த வரிகளை அழித்துவிட்டு, காலையில் என்னைத் தடுத்த பிழையைச் சுருக்கி அங்கே எழுதி, ‘ரன்’ பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது.

புதிய முகப்பில் அந்தப் பெட்டி இல்லை. மொழியின் பெயர் பெரிய தடித்த எழுத்தில் இருந்தது, அதன் அருகே தொடங்குவதற்கான மஞ்சள் பொத்தான் இருந்தது, கீழே இறங்க இறங்கப் பச்சையும் ஊதாவும் சிவப்புமாக அகன்ற பட்டைகள் வந்தன. ஏன் ரஸ்ட் என்ற கேள்விக்கு வேகம், நம்பகத்தன்மை, உற்பத்தித்திறன் என மூன்று பத்திகளில் விடை இருந்தது. ரஸ்ட்டைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் சொற்கள் இருந்தன. ஆனால் ஒரு நிரல்மொழியின் தளத்தில் அந்த மொழியில் எழுதப்பட்ட ஒரு வரிகூட முதல் பக்கத்தில் இல்லை. அன்று எனக்கு வந்தது கோபம்தான். பல ஆண்டுகள் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், அந்தக் கோபத்தில் எது நியாயம், எது வெறும் பழக்கம் என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆனது என்பதுதான்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ரஸ்ட் 2006இல் கிரேடன் ஹோர் என்ற பொறியாளர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய மொழி. 2009 முதல், ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா அதற்கு ஆதரவு தந்தது. 2015 மே 15 அன்று 1.0 பதிப்பு வந்தது. அந்தக் காலத்துத் தளம் ஜெக்கில் என்ற ரூபி கருவியால் கட்டப்பட்டது. அதன் முதல் வாக்கியம், மிக வேகமாக ஓடும், செக்ஃபால்ட்டைத் (உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டு நிரல் முறிந்துபோவதை) தடுக்கும், ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களுக்குப் பாதுகாப்பு உறுதி தரும் சிஸ்டம்ஸ் மொழி (இயங்குதளம் போன்ற அடித்தள மென்பொருளை எழுதும் மொழி) என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. இடப்பக்கத்தில் அம்சங்களின் பட்டியல் நீண்டது: செலவில்லாத சுருக்கங்கள், மூவ் முறை, நினைவகப் பாதுகாப்பு, பேட்டர்ன் மேட்சிங், டைப்பைத் தானே ஊகிக்கும் திறன் என்று. சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து வந்த எனக்கு அந்தப் பட்டியலின் ஒவ்வொரு சொல்லும் நேராக நெஞ்சில் தைத்தது. செக்ஃபால்ட் என்ற சொல்லைப் படித்ததும் நள்ளிரவில், முறிந்த நிரலின் நினைவகப் பதிவான கோர் டம்ப்பைத் திறந்து உட்கார்ந்திருந்த எத்தனையோ இரவுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஆனால் அந்தச் சொல் அதே இரவுகளைக் கழித்தவருக்கு மட்டுமே பொருள் தரும். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதும் ஒருவருக்குச் செக்ஃபால்ட்டைத் தடுப்பேன் என்பது வாக்குறுதியே அல்ல. தமக்கு வராத நோய்க்கு மருந்து விற்பது போன்றது. இந்த இடத்தில்தான் தளத்தை மாற்றியவர்கள் ஒரு முடிவை எடுத்தார்கள். பீட்டாவில் தளம் தன்னை எவரையும் சிஸ்டம்ஸ் புரோகிராமர் ஆக்கும் மொழி என்ற பொருளில் அறிமுகப்படுத்தியது. சில மாதங்களில் அதையும் மாற்றி, நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை எவரும் கட்டுவதற்கு வல்லமை தரும் மொழி என்ற பொருள்பட எழுதினார்கள். முதல் வாக்கியம் இயந்திரத்தைப் பற்றியது, அதன்பின் வந்த இரண்டும் மனிதரைப் பற்றியவை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போனதும் சிறிய மாற்றமில்லை. சிஸ்டம்ஸ் புரோகிராமர் ஆக வேண்டும் என்று ஆசைப்படாதவரும் நம்பகமான மென்பொருளை விரும்புவார் என்ற எளிய உண்மையை அது ஏற்றுக்கொண்டது. அந்தத் தளத்தில் நடந்த மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு வரி மாற்றம்தான்.

பயன்படும் இடங்களை முன்வைத்ததையும் சரியான முடிவு என்றே இன்று கருதுகிறேன். கமாண்ட் லைன் கருவிகள், உலாவிக்குள் ஓடும் வெப்அசெம்பிளி, நெட்வொர்க்கிங், சிறு கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் என்று நான்கு துறைகளுக்குத் தனித்தனிப் பக்கங்கள் வந்தன. 2018இல் ரஸ்ட் சமூகம் தன் வேலைக்குழுக்களை இதே நான்கு துறைகளாகத்தான் பிரித்திருந்தது. தளம் அந்த உழைப்பை அப்படியே பிரதிபலித்தது. பொதுவாக ஒரு மொழியின் தளம் மொழிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும். வருபவரோ என் வேலைக்கு இது உதவுமா என்று கேட்டுக்கொண்டு வருகிறார். பழைய பக்கத்தில் அந்தக் கேள்விக்கு விடையில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. என் விடை எனக்கு முன்பே தெரிந்திருந்ததுதான் காரணம்.

இனி அந்த நிரல் பெட்டிக்கு வருகிறேன். அதை நீக்கியதற்கு எதிராக, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் குறைகள் குவிந்தன. நானும் அவற்றை ஒன்றுவிடாமல் படித்தேன். நீக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. ரஸ்ட்டின் சிறப்பு, தவறான நிரலை அது ஏற்க மறுப்பதில் இருக்கிறது. சரியாக ஓடும் பத்து வரிகளைக் காட்டினால் அந்தச் சிறப்பு கண்ணுக்குத் தெரியாது. வணக்கச் சொற்களை அச்சிடும் நிரலைப் பார்ப்பவர், இதை எந்த மொழியிலும் எழுதலாமே என்றுதான் நினைப்பார். மறுக்கப்படும் நிரலைக் காட்டலாம் என்றால், முதல்முறை வருபவருக்கு முகப்பிலேயே ஒரு பிழைச்செய்தியைக் காட்டி வரவேற்க வேண்டியிருக்கும்.

முகப்பில் வைக்கும் நிரல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சர்ச்சைக்குரியது என்பதற்கு ஹாஸ்கெல் மொழியின் தளம் நல்ல சான்று. 2015இல் அந்தத் தளம் புதுப்பிக்கப்பட்டபோது, பகா எண்களை வரிசையாகத் தரும் இரண்டு மூன்று வரி நிரல் ஒன்றை முகப்பில் வைத்தார்கள். பார்க்க மிக அழகானது. ஆனால் அது எரடோஸ்தனிஸின் சல்லடை முறை என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வந்தாலும் உண்மையில் அந்த முறை அல்ல என்பதை மெலிசா ஓ’நீல் 2009இல் வெளியான தம் ஆய்வுக்கட்டுரையில் விரிவாகவே நிறுவியிருந்தார். உண்மையான சல்லடை மடங்குகளை நேரடியாக அடித்துக்கொண்டே போகும். இந்த நிரலோ ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முன்வந்த பகா எண்களால் வகுத்து வகுத்துப் பார்க்கிறது, அதனால் மிக மெதுவானது. எதிர்ப்பு எழுந்து, நிரலில் இருந்த ‘சல்லடை’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘பகாவடிகட்டி’ என்ற பொருளுடைய பெயரை வைத்தார்கள். முகப்பில் வைக்கும் வரிகளைத் தம் மொழியின் முகமாகவே அந்தச் சமூகத்தினர் பார்க்கிறார்கள் என்பதால்தான் ஒரு பெயருக்கு இவ்வளவு வாதம் நடந்தது. அது வீண் வாதம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இதற்கு மறுபக்கத்தில் பைத்தான் இருக்கிறது. 2014இல் வந்த பைத்தானின் புதிய தளம் முகப்பில் சிறு நிரல்களைத் தாவல்களாக வைத்தது. அங்கேயே ஒரு பொத்தானை அழுத்தினால் உலாவிக்குள்ளேயே நிரலைத் தட்டி ஓட்டிப் பார்க்கும் ஷெல் திறக்கும். தங்கள் மொழி படிக்க எளியது என்பதுதான் பைத்தான்காரர்களின் முதல் வாதம், ஆகவே படிக்கக் கொடுப்பதே அவர்களுக்குப் பொருத்தமான அறிமுகம். ரஸ்ட்டுக்கு அதே வழி பொருந்தாது என்பதை ஏற்கிறேன்.

ஆனாலும் என் மனம் முழுமையாகச் சமாதானம் அடையவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளருக்கு ரஸ்ட் கற்றுக்கொள்ளச் சொல்லி, நான் எதையும் விளக்காமல் தளத்தை மட்டும் திறந்து கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்து கவனித்தேன். அவர் மூன்று பத்திகளையும் ஒரே வீச்சில் கடந்தார். நிறுவனங்களின் பாராட்டுகளில் கண் நிற்கவே இல்லை. பக்கத்தின் அடிவரை போய், திரும்ப மேலே வந்து, மெனுவில் ஒருமுறை சுட்டியை ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணா, கோடு எப்படி இருக்கும்னு எங்கயுமே காட்டலையே?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே வேறொரு தாவலைத் திறந்து, தேடுபொறியில் மொழியின் பெயரோடு எடுத்துக்காட்டு என்று தட்டச்சு செய்தார். முதலில் வந்தது யாரோ எழுதிய பழைய பாடம். 2018 பதிப்புக்கு முந்தைய முறையில், வெளிப் பொதிகளை (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை) ஒவ்வொன்றாக அறிவித்து எழுதிய நிரல் அதில் இருந்தது. மொழியைப் பற்றிய அவருடைய முதல் எண்ணம் அதிகாரபூர்வத் தளத்துக்கு வெளியே, காலாவதியான ஒரு பக்கத்தில் உருவாயிற்று. நிரல் எதையும் விளக்காமல் போகலாம், ஆனால் வருபவர் அதைப் பார்க்காமல் போகமாட்டார். நாம் காட்டாவிட்டால் வேறு இடத்தில் பார்ப்பார். நான் கடைசியாகப் போனபோதும் அந்த முகப்பில் நிரல் இல்லை.

புதிய தளம் வந்த விதத்தைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ரஸ்ட்டில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு வரும். இதை ரயிலோடு ஒப்பிடுவார்கள்: ஒரு வசதி தயாராக இல்லையென்றால் அதற்காக ரயில் காத்திருக்காது, வசதிதான் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். இதனால் யாரும் அரைகுறை வேலையைக் கடைசி நாளில் உள்ளே தள்ள வேண்டிய நெருக்கடி வராது. ரஸ்ட்டின் நிதானத்துக்கு இந்த ஒழுங்கு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் 2018 டிசம்பர் 6 அன்று 1.31 வெளியீட்டோடு ‘ரஸ்ட் 2018’ என்ற பெரும் பதிப்பு வந்தது, புதிய தளமும் அதே நாளோடு கட்டப்பட்டது. பீட்டாவாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததற்கும் முதன்மை முகவரியில் ஏறியதற்கும் இடையே ஒரு வாரம்தான். தன்னார்வலர்கள் தம் மாலைப் பொழுதுகளைக் கொடுத்துச் செய்த பெரிய வேலைக்கு, ஊர் பார்த்துச் சொல்ல அந்த ஒரு வாரம் போதவே போதாது. மொழிக்கு வைத்திருந்த நல்ல விதியைத் தளத்துக்கும் வைத்திருந்தால், அது அடுத்த ரயிலில் இன்னும் நிறைவாக வந்திருக்கும், எதிர்ப்பில் பாதி எழுந்தே இருக்காது.

எதிர்ப்புகளை மிதிவண்டிக் கொட்டகைச் சண்டை என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். அணு உலைக்கான திட்டத்தை ஒரு குழு சில நிமிடங்களில் ஒப்புக்கொண்டுவிட்டு, ஊழியர்களின் மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதாடும் என்று பார்க்கின்சன் 1957இல் எழுதினார்; 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் சமூகத்தில் போல்-ஹென்னிங் காம்ப் அதை நினைவூட்டி எழுதிய பிறகு நிரலாளர்களிடையே அந்த உவமை நிலைத்துவிட்டது. நிறத்தைப் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு, ஆகவே எல்லோரும் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்பது உண்மை. பச்சையும் ஊதாவும் அருகருகே வந்தது கண்ணை உறுத்துகிறது என்று எழுதியவர்களில் பலர் இன்று அந்த நிறங்களை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குவியலுக்குள், நேற்றுவரை இருந்த ஒன்று இன்று எனக்கு இல்லை என்று சொன்ன குறைகளும் கலந்திருந்தன. நிறம் பிடிக்கவில்லை என்பவர் விருப்பத்தைச் சொல்கிறார். என் மொழியில் இருந்த பக்கம் எங்கே என்று கேட்பவர் இழப்பைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணினால் இரண்டாமவரின் குரல் மூழ்கிவிடும். தளத்தைப் புதுப்பிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, பழைய பக்கம் யார் யாருக்கு என்னென்ன செய்துவந்தது என்று எழுதிவைத்துக்கொள்வதுதான். படம் வரைவது அதற்குப் பிறகு வரவேண்டியது.

கண்ணுக்கே தெரியாத வசதிகள் இந்தக் கணக்கில் எளிதில் விடுபட்டுப்போகும். பிஎச்பி தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு ஃபங்ஷனின் பெயரை மட்டும் தட்டினால் நேராகக் கையேட்டில் அதற்குரிய பக்கத்துக்குப் போய்விடலாம். அந்த வசதிக்குப் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. ஆனால் பிஎச்பி எழுதுபவர்களின் விரல்கள் அதை அறியும். ஒரு வடிவமைப்பாளர் திரைப்பிடிப்புகளை மட்டும் வைத்து அந்தத் தளத்தைப் புதுப்பித்தால் முதலில் தொலைவது அதுவாகத்தான் இருக்கும். கோ மொழி 2021இல் தன் பழைய தளத்தையும் புதிய தளத்தையும் ஒன்றாக்கியபோது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட்டது. ரஸ்ட்டிலும் பழைய தளத்தை வேறொரு துணை முகவரியில் உயிரோடு வைத்திருந்தார்கள். புதிய பக்கத்தில் எதையாவது காணாமல் திகைத்தபோதெல்லாம் நான் அங்கேதான் போனேன். அந்தப் பொறுப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் வலித்த இழப்பு மொழிபெயர்ப்புகள்தான். பழைய தளம் பத்துக்கும் மேற்பட்ட மனித மொழிகளில் இருந்தது. புதியது வெளிவந்தபோது ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை, ஆகவே எனக்கு நேரடி இழப்பு ஏதுமில்லை. ஆனால் நான் ஃபயர்பாக்ஸின் தமிழாக்கத்தில் சில காலம் பங்கெடுத்தவன். முகம் தெரியாத ஒருவர் இரவில் உட்கார்ந்து ‘தாவல்’ என்று எழுதலாமா ‘கீற்று’ என்று எழுதலாமா என யோசித்து முடிவெடுத்த உழைப்பு என்னவென்று எனக்குத் தெரியும். ஜப்பானிய மொழியிலோ போலிஷ் மொழியிலோ யாரோ அப்படி உட்கார்ந்து எழுதிய பக்கம் ஒரே நாளில் முகப்பிலிருந்து போனதைப் பார்த்தபோது, என் வரிகளே அழிந்தது போல இருந்தது.

தொழில்நுட்பக் காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனி அடைவு, அதற்குள் முழுப் பக்கத்தின் நகல். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு பத்தியை மாற்றினால் மற்ற நகல்களுக்கு அது தெரியவே வராது. அவை சத்தமில்லாமல் பழசாகிக்கொண்டே இருக்கும், படிப்பவருக்கும் தெரியாது. இப்படிப் பழசாகும் நகல்களைப் புதிய தளத்துக்குள் அப்படியே இழுத்துக்கொண்டு வருவதில் பயனில்லை என்று யாராவது சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை 2019இல் அவர்களே சரிசெய்தார்கள். மொஸில்லா உருவாக்கிய ஃப்ளூயன்ட் முறையைத் தளத்துக்குள் கொண்டுவந்து, பக்கத்தின் கட்டமைப்பை ஓரிடத்திலும் சொற்களை வேறிடத்திலும் பிரித்து வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் பாண்டூன் என்ற, அதுவும் மொஸில்லா உருவாக்கிய கருவியில் உலாவியிலேயே வேலை செய்ய வழி பிறந்தது. ஜப்பானியம், ஸ்பானியம், ரஷ்யன், சீனம் என்று மொழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஃப்ளூயன்ட்டில் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. ஒரு மொழியில் அந்தப் பெயருக்கு வாசகம் இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் ஆங்கிலம் வரும், பக்கம் உடையாது. ஆங்கில வாசகத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் பெயர் அப்படியே இருக்கும். பொருளே மாறினால் பெயரையும் மாற்ற வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. பெயர் மாறியதும் எல்லா மொழிகளிலும் பழைய மொழிபெயர்ப்பு தானாகக் கழன்றுவிடும், மொழிபெயர்ப்பாளரின் பட்டியலில் அது புதிய வேலையாக வந்து நிற்கும். தவறான தமிழைவிட இன்றைய ஆங்கிலம் மேல் என்று சொல்லும் முறை இது. மொழிபெயர்ப்பாளனாக எனக்கு அது கசக்கவில்லை. நான் எழுதிய ஒரு வரி பொய்யாகிப் போய்த் திரையில் நிற்பதைவிட அது இறக்கப்படுவதையே விரும்புவேன்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவே, ஒரு விடுமுறை வாரத்தில் தளத்தின் களஞ்சியத்தை என் கணினியில் இறக்கினேன். புதிய தளம் ரஸ்ட்டிலேயே எழுதப்பட்டது. அப்போது ராக்கெட் என்ற இணையக் கட்டமைப்பின் மேல் நின்றது. தம் மொழியில் தம் தளத்தை எழுதுவதில் பெருமை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றைய ராக்கெட்டுக்கு, ஒவ்வோர் இரவும் வெளியாகும் சோதனைப் பதிப்பான நைட்லி கம்பைலர் தேவைப்பட்டது. ஒரு காற்புள்ளியைத் திருத்தி எப்படித் தெரிகிறது என்று பார்க்க விரும்புபவரும் நைட்லியை நிறுவி, அத்தனை பொதிகளும் கம்பைல் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். நிரல் எழுதாத மொழிபெயர்ப்பாளரை அது முதல் படியிலேயே திருப்பி அனுப்பிவிடும். பாண்டூன் வந்தது அதனால்தான் பெரிய உதவி. தேநீர் குடித்துவிட்டு வந்தபோது கம்பைல் முடிந்திருந்தது. லோக்கல்ஹோஸ்ட்டில் 8000ஆம் போர்ட்டில் பக்கம் திறந்தது. தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டில் ஓர் அடைவை உருவாக்கி, முகப்புக்குரிய வாசகங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். யாருக்கும் அனுப்பும் எண்ணமில்லை, எனக்காகத்தான் செய்தேன்.

முதலில் தட்டியது எழுத்துரு. தலைப்புகளுக்கு அவர்கள் எடுத்தது ஆல்ஃபா ஸ்லாப் ஒன் என்ற தடித்த எழுத்துரு, உடல் எழுத்துக்கு ஃபிரா சான்ஸ். இரண்டிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே உலாவி கணினியில் இருந்த தமிழ் எழுத்துருவை எடுத்துப்போட்டது. ஆங்கிலத்தில் பாறைபோல் நின்ற தலைப்பு, தமிழில் செயற்கையாகத் தடிக்கவைக்கப்பட்டு, சுழிகள் அடைபட்டுத் தெரிந்தது. வரி இடைவெளி லத்தீன் எழுத்துக்கு அளவெடுத்தது. ஒரு வரியின் அடியில் தொங்கும் ‘கு’வும் ‘ழு’வும் அடுத்த வரியின் தலையில் இருக்கும் ‘கீ’யோடு உரசின. சில இடங்களில் எழுத்துகளை எல்லாம் பெரிய எழுத்தாக்கும் விதி இருந்தது. பெரிய எழுத்தே இல்லாத மொழியில் அந்த அழுத்தம் சுவடில்லாமல் மறைந்தது. ‘நம்பகத்தன்மை’, ‘உற்பத்தித்திறன்’ என்ற இரு தலைப்புகளும் அகலத் திரையில் அமர்ந்தன, கைப்பேசியில் ஓரம் தாண்டின. இவை எதுவும் யாருடைய அலட்சியமும் அல்ல. ஒரு பக்கத்தை ஒரே மொழியில் வரைந்து முடித்துவிட்டு மற்ற மொழிகளைப் பிறகு சேர்த்தால் எந்தத் தளத்திலும் இதுதான் நடக்கும். வரையும்போதே ஜெர்மனின் நீளச் சொல்லையோ தமிழின் உயர எழுத்தையோ அரபியின் வலமிருந்து இடம் செல்லும் வரியையோ ஒரு தலைப்பில் போட்டுப் பார்த்திருந்தால் பாதிச் சிக்கல் முதல் வரைவிலேயே தெரிந்திருக்கும். அதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் முதல் நாளிலேயே அந்த அறையில் இருக்க வேண்டும்.

சொற்கள் அதைவிடக் கடினமாக இருந்தன. உற்பத்தித்திறன் என்று எழுதியதும் எனக்கே ஆலை வாசலில் நிற்பது போலத் தோன்றியது. ஆங்கிலத்தில் அவர்கள் சொல்ல வந்தது நல்ல ஆவணங்கள், பயனுள்ள பிழைச்செய்திகளோடு நட்பாகப் பேசும் கம்பைலர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கார்கோ என்ற கருவி என்பதைத்தான். அதை ‘வேலை ஓடும்’ என்று ஒரு நண்பர் சொல்வது போலச் சொல்ல வேண்டும், ஆனால் தலைப்பாக வைக்க முடியாது. கடைசியில் ‘செயல்வேகம்’ என்று எழுதி, அது முதல் பத்தியின் வேகத்தோடு மோதுகிறது என்று அழித்து, பழையபடி உற்பத்தித்திறனுக்கே திரும்பினேன்.

முதல் வாக்கியம்தான் என்னை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. நான் இவ்வளவு பாராட்டிய அந்த வரியின் மையத்தில் இருக்கும் ‘எம்பவர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு நம்மிடம் அரசாணைத் தமிழில் ‘அதிகாரமளித்தல்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. திட்டங்களின் பெயர்ப்பலகையில் பார்த்துப் பழகிய சொல். அதை இங்கே போட்டால் ஒரு நிரல்மொழி யாருக்கோ பதவி வழங்குவது போல ஆகிவிடும். ‘ஆற்றல்படுத்தும்’ என்றால் யாரும் பேசாத தமிழ். மேலே நானே எழுதிய ‘வல்லமை தரும்’ என்பதில் கோயில் வேண்டுதலின் சாயல் ஏறிவிடுகிறது. ஆகவே மற்ற எல்லா வாசகங்களும் தமிழில் இருக்க, அந்த ஒரு வாசகத்தை மட்டும் கோப்பில் வெறுமையாக விட்டுவிட்டேன். ஃப்ளூயன்ட் தன் முறைப்படி அந்த இடத்தில் ஆங்கிலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

முன்பு சொன்ன அந்த இளம் பொறியாளர் இப்போது எங்கள் குழுவில் ரஸ்ட்டில் நன்றாக எழுதுபவர்களில் ஒருவர். சென்ற மாதம் என் திரையில் அந்தப் பக்கம் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வரி மட்டும் ஏன் இங்கிலீஷில் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். “கைகொடுக்கும்னு போடலாமே அண்ணா” என்றார். நான் கோப்பைத் திறந்து, நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை எவரும் உருவாக்கக் கைகொடுக்கும் மொழி என்று எழுதிச் சேமித்தேன். பக்கத்தைப் புதுப்பித்ததும் அந்த வாக்கியம் மஞ்சள் பொத்தானின் அருகே வந்து நின்றது; கைப்பேசி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது நான்கு வரிகளாக மடிந்தது. இரண்டாம் வரியின் ‘ரு’ மூன்றாம் வரியில் முட்டியது. வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டியதும் சரியாகிவிட்டது.